நெல்பேட்டையில் கால் வாட்டித் தரும் கடை

மதுரை கீழவாசலில் இருந்து நெல்பேட்டைப் பக்கம் போகும்போது, கறிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து வரும். அதில் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு விறகு அடுப்பு, புளியமரக் கட்டை ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, உட்கார ஒரு பெஞ்சு. இங்கே கறி விற்பதில்லை. ஆட்டுத்தலையையும் காலையும் நெருப்பில் வாட்டி, சுரண்டி, வெட்டித் தருவார்கள். தொழில் அவ்வளவுதான். ஆறு மாதத்தில் ஒன்பது முறை போய்விட்டேன். இந்தக் கடையைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கியிருக்க மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் அப்பத்தா வைக்கும் ஆட்டுக்கால் சூப்பைக் குடித்து வளர்ந்தவன். சனிக்கிழமை ராத்திரி சோறு ஆக்கி முடித்ததும், அடுப்பில் மிச்சமிருக்கும் தணலை ஒதுக்கி, மேலே மண்சட்டியை ஏற்றி, தட்டைப் போட்டு மூடிவிட்டுப் படுத்துவிடும். நடுராத்திரியில் ஒருதடவை எழுந்து இரண்டு சுள்ளியைத் தள்ளிவிட்டு வரும். விடிந்ததும் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றித் திண்ணையில் வரிசையாக வைக்கும். டிக்காஷன் நிறம். மேலே சின்னச் சின்னதாக நெய்க்கண்கள் மிதக்கும். முதல் மடக்குக் குடித்ததும் அப்பத்தா கேட்கும் ஒரே கேள்வி, "உதட்டுல ஒட்டுதா?" மேலுதடும் கீழுதடும் லேசாக ஒட்டிப் பிரிய வேண்டும். ஒட்டவில்லை என்றால் சட்டி மறுபடி அடுப்புக்குப் போகும்.

அப்பத்தா 2004ல் தவறிவிட்டது. அதற்கப்புறம் அம்மா குக்கரில் வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது அம்மாவின் சூப். அப்பத்தாவுடையது அத்தோடு நின்றுபோனது. எழுதி வைத்தவர்கள் யாரும் இல்லை. அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

போன மார்கழியில் என் மகள் ஹாஸ்டலில் இருந்து காய்ச்சலோடு வந்தாள். காய்ச்சல் விட்டது, நாக்கு செத்துப்போய்க் கிடந்தது. எதைக் கொடுத்தாலும் இரண்டு வாயோடு நிறுத்திவிடுவாள். "நீங்க சொல்வீங்களே அந்தச் சூப், அத வச்சுத் தாங்கப்பா" என்றாள். அவள் பிறந்தது 2005ல். அப்பத்தாவைப் பார்த்ததே கிடையாது. நான் சொல்லிக் கேட்டதுதான். அன்றைக்கு ஆரம்பித்தது.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஒவ்வொரு தடவையும் நோட்டில் குறித்துவைத்தேன். தேதி, எத்தனை கால், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மிளகு, எத்தனை விசில், எப்படி இருந்தது. முதல் தடவை, வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கறி ஆப் ஒன்றில் வாங்கினேன். கால்கள் தோல் உரித்து வெள்ளை வெளேர் என்று வந்தன. பார்க்கச் சுத்தம். சூப் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது, ஆட்டுவாடை அப்படியே நின்றது. இரண்டாம் தடவை மிளகைக் கூட்டினேன். மூன்றாம் தடவை பட்டை, கிராம்பு, சோம்பு எல்லாம் போட்டேன். வாடை அடங்கியது, ஆனால் அது குருமாத் தண்ணீர். நடுவில் கடையில் விற்கும் ஆட்டுக்கால் சூப் பொடி ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். சோளமாவின் கெட்டிதான் இருந்தது, உதட்டில் ஒட்டும் பசை இல்லை. ஐந்தாம் தடவை வீட்டுக்குப் பக்கத்துக் கறிக்கடையில் கேஸ் குழாயால் சுட்ட காலை வாங்கினேன். வெளியே கரி, உள்ளே முடியின் வேர் அப்படியே. குளம்பு பிரியும் இடுக்கில் ஒரு கொத்து முடி. அந்தச் சட்டியை அப்படியே கொட்ட வேண்டியதாகிவிட்டது.

ஏழாம் தடவைக்கு அப்புறம் அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவின் அக்கா. எழுபத்தெட்டு வயது. ஊரிலேயே இருக்கிறார்கள். அப்பத்தா என்ன மசாலா போட்டது, எவ்வளவு போட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மல்லி வறுத்தா பச்சையா, தக்காளி உண்டா இல்லையா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்:

"மருமகனே, அம்புட்டு மசாலாவையும் கேட்ட. கால யாரு வாட்டுனான்னு கேட்டியா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"ஒங்க தாத்தாதேன் வாட்டும். கொல்லையில வேலிக்கருவை வெறகுல ஒரு மணி நேரம் குத்தவச்சு உக்காந்து வாட்டும். அந்தத் தோலுதேன்டா சூப்பு. ஆத்தா என்னத்தப் பெருசா போட்டுருச்சு, மொளகும் சீரகமும்தேன்."

சூப்பில் வந்த அந்தப் புகை வாசனை அடுப்பில் இருந்து வந்தது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது அடுப்பில் இருந்து வரவில்லை. காலில் இருந்து வந்திருக்கிறது. தாத்தா கொல்லையில் உட்கார்ந்து வாட்டியது எனக்கு நினைவே இல்லை. பிள்ளைகள் எழுந்து வரும்போது சூப் மட்டும்தான் கண்ணில் படும்.

அப்புறம் விறகில் வாட்டித் தருகிற ஆளைத் தேட ஆரம்பித்தேன். எங்கள் ஆபீசுக்கு வரும் டிரைவர் அண்ணன் ஒருவர்தான் இந்தச் சந்தில் இருக்கும் கொட்டகையைச் சொன்னார். ஆட்டுக்காலை நாம்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். முன்னால் உள்ள கறிக்கடைகளில் எதில் வேண்டுமானாலும் வாங்கலாம். வாட்டாத கால், முடியோடு, முன்னங்கால் இரண்டு பின்னங்கால் இரண்டு, ஒரு செட். கடைசியாக நான் கொடுத்தது 260 ரூபாய். வெள்ளாட்டுக் கால்தானா என்று கேட்டு வாங்குங்கள். செம்மறிக் காலில் கொழுப்பு வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், எனக்குப் பிடிப்பதில்லை.

கொட்டகையில் பெரியவர் ஒருவர், அவர் மகன், இன்னொரு பையன், மூன்று பேர். எல்லாரும் "பாய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். காலைக் கொடுத்ததும் பையன் சணல் கயிற்றால் நான்கையும் சேர்த்துக் கட்டி, அதில் எண் எழுதிய ஒரு தகர வில்லையைத் தொங்கவிட்டு, அதே எண் போட்ட இன்னொரு வில்லையை நம் கையில் தருவான். ஒருவர் கால் இன்னொருவருக்குப் போகாது. இது சின்ன விஷயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஏகப்பட்ட செட் வரிசையில் கிடக்கும்.

வாட்டுவது பெரியவர் கையில். நான் பெஞ்சில் உட்காராமல் பக்கத்தில் நின்றே பார்ப்பேன். முதலில் தணலில் காட்ட மாட்டார். கொழுந்துவிடும் சுடரின் நுனியில் காலை நீளவாக்கில் பிடித்து, இடுக்கியைத் திருப்பிக்கொண்டே இருப்பார். முடி சுருண்டு பொரிந்து உதிரும். அந்த நாற்றம் கொஞ்ச நேரம் இருக்கும். உடனே வெளியே எடுத்து, கத்தியின் முதுகால் ஒரு வழி வழித்து, ஈரச் சாக்கில் துடைப்பார். அப்புறம்தான் தணல். சுடர் அடங்கிய வேலிக்கருவைத் தணலுக்கு ஒரு சாண் மேலே கம்பிவலையில் காலைக் கிடத்தி மெதுவாக விடுவார். தோல் மஞ்சளாகி, பொன்னிறமாகி, அங்கங்கே சின்னக் கொப்புளமாக எழும்பும். கொழுப்பு ஒரு சொட்டு தணலில் விழுந்து சுர் என்னும். அந்த இடத்தில் வாசனை மாறும். முடி கருகும் நாற்றம் போய், சுட்ட தோலின் வாசனை வரும். நான் தேடியது அதுதான். முதல் தடவை அந்த வாசனை வந்தபோது எனக்கு ஊர்த் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது, கண் கலங்கியது. புகைதான் காரணம் என்று பக்கத்தில் இருந்தவர் தள்ளி நிற்கச் சொன்னார்.

சூடு ஏறியதும் குளம்பைக் கொறட்டால் பிடித்து ஒரு திருகு. ஓடு மாதிரி டக்கென்று கழன்று வரும். சூடு போதவில்லை என்றால் வராது, மறுபடி தணலுக்குப் போகும். அப்புறம் ஆட்டுக்காலின் இரண்டு விரலையும் விரித்து, இடுக்கில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை விட்டு இழுப்பார். அங்கே ஒளிந்திருக்கும் முடி அதோடு தீர்ந்தது. நான் ஐந்தாம் தடவை கொட்டிய சட்டிக்குக் காரணம் அந்த இடுக்குதான்.

கேஸ் குழாய் வைத்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுமே என்று பாயிடம் கேட்டேன். "முடிஞ்சிரும். மேல கருகிரும், உள்ள வேகாது. முடிக்கு வேரு உள்ளதான அத்தா இருக்கு" என்றார். அந்தச் சுடர் ஒரே இடத்தில் குத்திப் பாயும். விறகுச் சூடு பரவி இறங்கும். ஒரு செட்டுக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொள்கிறார். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அதில் ஒரு நிமிஷம்கூடக் குறைப்பதை நான் பார்த்ததில்லை.

கடைசியில் மகன் தண்ணீரில் போட்டுக் கத்தியால் கரியைச் சுரண்டி எடுத்து, கட்டையில் வைத்து வெட்டித் தருவார். வாட்டி, சுரண்டி, வெட்ட செட்டுக்கு 80 ரூபாய். தலை என்றால் 150. ஜிபே வாங்குகிறார்கள்.

குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வெட்டுவதில் கவனம் போதாது. சொல்லாவிட்டால் சின்னச் சின்னதாகக் கொத்திவிடுவார்கள். எலும்புச் சிம்பு சட்டிக்குள் போகும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து. "மூட்டுல மட்டும் வெட்டுங்க, ஒரு காலுக்கு மூணு துண்டு" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் இந்தக் கொட்டகைக்குப் போன இரண்டாம் தடவை சொல்ல மறந்து, சூப்பைத் துணியில் வடிகட்ட வேண்டியதாயிற்று. மழை நாளில் விறகு ஈரமாக இருக்கிறது. அன்றைக்குப் புகை அதிகம், தோலில் ஒரு கசப்பு ஏறிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்தால் அந்த வாரம் போகாமல் இருப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குள் போகாவிட்டால் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். புதன்கிழமை போனால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். காலை ஐந்தில் இருந்து பத்து வரைதான் அடுப்பு எரியும். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் என்று கறிக்கடை அடைக்கும் நாட்களில் இங்கேயும் வேலை இல்லை.

இனி சூப். வீட்டுக்கு வந்ததும் கால்களில் மஞ்சள்தூளும் கல் உப்பும் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசுங்கள். அதற்கு மேல் கழுவ வேண்டாம். சுட்ட தோலின் வாசனை போய்விடும். மண்சட்டியில் இரண்டரை லிட்டர் தண்ணீர், ஒரு செட் கால், தட்டிய சின்ன வெங்காயம் பதினைந்து, தோலோடு நசுக்கிய ஒரு முழுப் பூண்டு, விரல் நீளம் இஞ்சி, ஒரு நாட்டுத் தக்காளி, கொத்தமல்லி வேர் நான்கு. இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒன்றரை தேக்கரண்டி சீரகம், ஒரு மேசைக்கரண்டி மல்லி. மூன்றையும் வறுக்காமல் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட வேண்டும். மிக்ஸியில் ஓட்டினால் தூளாகிச் சூப் கலங்கிவிடும். பட்டை, கிராம்பு வேண்டாம். எண்ணெய் வேண்டாம், காலில் உள்ள கொழுப்பே போதும்.

ஒரு கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு, தீயைச் சிம்மில் வைத்து மூடுங்கள். நான்கு மணி நேரம். தளதள என்று கொதிக்கவே கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் எழுந்தால் போதும். காலில் சதை ஏது? தோல், நரம்பு, மூட்டு ஜவ்வு, எலும்பு, இவ்வளவுதான். இதில் உள்ள கொலாஜன் நிதானமான சூட்டில் நேரம் எடுத்துக் கரைந்து ஜெலட்டினாக மாறுவதால்தான் உதடு ஒட்டுகிறது. தோல் உரித்த வெள்ளைக் காலில் எனக்குப் பசை கிடைக்காமல் போனது ஏன் என்று இப்போது புரிகிறது. அதில் பாதி சரக்கே இல்லை. வேகமாகக் கொதிக்கவிட்டால் கொழுப்பு சூப்போடு கலந்து வெள்ளையாகக் கலங்கும், அந்த டிக்காஷன் தெளிவு வராது.

நேரம் இல்லாதவர்கள் குக்கரில் வைக்கலாம், தப்பில்லை. திறந்த சட்டியில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, குக்கருக்குள் 120 வரை போகும். அதனால் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். இரண்டு விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். ஒட்டும் பசை வரும். நான் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன். சட்டியில் வெந்தது தெளிவாக இருக்கிறது, வாசனை தனித்தனியாகத் தெரிகிறது. குக்கரில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது.

உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். இரண்டரை லிட்டர் சுண்டி ஒன்றேகால் லிட்டராகும். முதலிலேயே போட்டால் கரித்துவிடும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கரண்டியை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆறியதும் அல்வா மாதிரி ஆட வேண்டும். அப்பத்தாவிடம் ஃபிரிட்ஜ் கிடையாது, உதடுதான்.

எலும்பு முறிந்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இதைக் கொடுத்தால் தேறிவிடுவார்கள் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. நான் அதைப் பற்றிச் சொல்ல வரவில்லை. என் மகள் இரண்டு டம்ளர் குடித்தாள், மூன்றாவது கேட்டாள். காய்ச்சல் விட்ட பிறகு அவள் எதையும் மறுதடவை கேட்டது அதுதான் முதல் முறை. நோட்டில் அந்த நாளுக்கு எதிரே வேறு ஒன்றும் எழுதாமல் "ஒட்டியது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு உசிலம்பட்டி பஸ் ஏறினேன். அத்தை எவர்சில்வர் டம்ளரில் வாங்கி, முதலில் மோந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் குடிக்கவே இல்லை. அப்புறம் ஒரு மடக்கு. உதட்டை மடித்து விரித்தார்கள்.

"வாட்டுனது சரி. எங்க அய்யா வாட்டுன மாதிரியே இருக்கு. எந்த ஊருல வாட்டுன?"

நெல்பேட்டை என்றேன்.

"இஞ்சி போட்டுருக்கியா?"

ஆமாம் என்றேன்.

"ஆத்தா இஞ்சி போடாது. சுக்குத் தட்டிப் போடும். மல்லியும் இம்புட்டு ஆகாது, பாதி போடு." டம்ளரைக் கீழே வைக்காமலே பிளாஸ்கை என் பக்கம் தள்ளி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்கள்.

வரும் புதன்கிழமை ஒரு செட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். சுக்கு வாங்கியாகிவிட்டது.